காகிதச் சுருளில் ஒரு கைப்பிடி: பிள்ளைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் நாம் கொடுத்த தின்பண்டங்களின் கதை

இதைப் படிக்கும் முன் உங்கள் வகுப்பறை மேசையின் இழுப்பறையை ஒரு தடவை திறந்து பாருங்கள். சிவப்பு மை பேனா, வில்லைகள், பழைய வருகைப் பட்டியல், கூடவே ஒரு மிட்டாய்ப் பொட்டலமும் இருக்கும்தானே? என் இழுப்பறையிலும் இருந்தது. பல ஆண்டுகள் இருந்தது. "சரியா சொன்னா ஒன்னு தருவேன்" என்று நானும் சொல்லி வந்தவள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்டு 3 மாணவன் ஒருவன். வாசிப்பில் பின்தங்கியிருந்தவன், ஆண்டு இறுதியில் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் படித்து முடித்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பொட்டலம் சாக்லெட்டை அப்படியே அவன் கையில் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "டீச்சர், எங்க நாய்க்குட்டி ராத்திரி பூரா வாந்தி எடுத்துச்சு. கால் எல்லாம் நடுங்குச்சு. டாக்டர் சாக்லெட்டுனாலதான்னு சொன்னாரு" என்றான். நாய்க்குட்டி பிழைத்துக்கொண்டது. ஆனால் அடுத்து அவன் சொன்னதுதான் இன்றைக்கும் என்னை விடவில்லை. "நீங்க குடுத்தது டீச்சர். நல்லதாத்தான் இருக்கும்னு அதுக்கும் பாதி குடுத்தேன்."

அவன் செய்தது பகிர்ந்து உண்பது. நாம் பாடத்தில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். கொடுத்தவளுக்குத்தான் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இந்தச் சின்னத் தின்பண்டங்களின் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். நான் அறிந்துகொண்டதை வரலாறு, மொழி, நன்னெறி ஆகிய மூன்று பாடங்களுக்கும் பயன்படும் விதத்தில் இங்கே தருகிறேன்.

சொல்லுக்குள் இருக்கும் பயணம்

மாணவர்களிடம் முதலில் சொற்களைக் கொடுங்கள். கற்கண்டு நமக்குத் தெரியும். அதில் உள்ள 'கண்டு'க்கும் ஆங்கிலத்துக் 'கேண்டி'க்கும் உறவு உண்டு. வடமொழியின் 'கண்ட' என்ற சொல் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய்க் கேண்டி ஆயிற்று. மலாய் மொழியின் 'கூலா'வும் வடமொழியின் 'குட' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அது வெல்லத்தைக் குறிக்கும். நாம் இங்கே அன்றாடம் சொல்லும் 'சீனி' என்ற பெயரோ சீன நாட்டைக் காட்டுகிறது.

நிலக்கடலைக்குத் தமிழ்நாட்டின் சில வட்டாரங்களில் மணிலாக்கொட்டை என்றொரு பெயர் உண்டு. மல்லாக்கொட்டை என்பது அதன் பேச்சு வடிவம். பிலிப்பைன்ஸின் மணிலா அந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது. கடலையின் சொந்த ஊரோ தென் அமெரிக்கா. ஆக, ஒரு கைப்பிடிக் கடலையை வாயில் போடும்போது பாதி உலகத்தைச் சுற்றி வந்ததைத்தான் மெல்லுகிறோம்.

சீனிக்கு யார் விலை கொடுத்தார்கள்?

சொல்லோடு நின்றால் கதை இனிப்பாகவே இருக்கும். வரலாறு அப்படி இல்லை.

மலாயாவில் தமிழர் என்றாலே பால்மரம்தான் மாணவர்கள் நினைவுக்கு வரும். ரப்பருக்கு முன்பே நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களில் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அன்றைய புரோவின்ஸ் வெல்லெஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், பெரிய கரும்புத் தோட்டங்கள் இருந்தன. பிறகு பேராக்கின் கிரியான் வட்டாரத்திலும் கரும்பு பயிரானது. இந்தத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பயணச் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறியது. கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டுப் போக முடியாது. போனால் அது குற்றம், சிறை.

சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டுவது, கரும்பு வெட்டுவது, ஆலையில் சாறு காய்ச்சுவது என எல்லாமே கடும் வேலை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஏராளமானோரைக் கொண்டுபோயின. அந்தச் சீனியில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு போனது. அங்கே யாரோ ஒரு குழந்தையின் கையில் அது மிட்டாயாக இருந்திருக்கும். அதை விளைவித்தவரின் பிள்ளைக்கு மிட்டாய் எட்டாத பொருள்.

1910இல் இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் நிறுத்தப்பட்டது. அதற்குள் கரும்பு இருந்த இடங்களில் ரப்பர் வந்துவிட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938 வரை தொடர்ந்தது.

முந்தானை முடிச்சில் வந்த முறுக்கு

இனி தோட்டத்து லயத்துக்கு வருவோம். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதி உள்ள வட்டாரங்களில் தோட்டத் தொழிலாளியின் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அது 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. பிறகு இன்னும் இறங்கியது. இந்தக் கணக்கை மாணவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு காசுக்கு மிட்டாய் வாங்கினாலும் அம்மாவின் நாள் கூலியில் அது எத்தனையில் ஒரு பங்கு? 32இல் ஒன்று. இன்று ஒரு குடும்பத்தின் நாள் வருமானத்தில் 32இல் ஒரு பங்கு எவ்வளவு என்று அடுத்துக் கேளுங்கள். "ஒரு காசுதானே" என்று சொன்ன பிள்ளை அப்புறம் சொல்லாது.

எங்கள் பாட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியும் முன் பெரட்டுக்குப் போன அவருடைய அம்மா, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாராம். சம்பளம் போட்ட அன்றைக்கு மட்டும் முந்தானை முடிச்சில் ஒரு முறுக்கு வரும். அதை நாலாய் உடைத்து நாலு பிள்ளைகளுக்கு. "பெரிய துண்டு யாருக்குன்னு சண்டை வராதா பாட்டி?" என்று கேட்டேன். "உடைக்கிறவ கடைசியில எடுக்கணும், அதான் சட்டம். அப்புறம் எப்படிச் சண்டை வரும்?" என்றார். கணக்கும் நீதியும் ஒரே முறுக்கில்!

நம் பள்ளிகளுக்கும் இங்கே ஒரு தொடர்பு இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் ஒரு பள்ளியை அமைத்துத் தர வேண்டும். நம் தோட்டப் பள்ளிகள் பல அப்படித்தான் முளைத்தன. ஆனால் கூலி குறைந்த வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சிறுவருக்கென்று தனிக் கூலியே இருந்த காலம் அது. தின்பண்டம் கேட்கும் வயதில் சம்பளம் வாங்கிய பிள்ளைகள் அவர்கள்.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலம். அரிசியும் சீனியும் அரிதாகிப்போயின. மரவள்ளிக்கிழங்குதான் சோறு, அதுவேதான் பலகாரம். அவித்த கிழங்கில் தேங்காய்ப் பூ தூவிக் கொடுத்தால் அன்றைக்கு விருந்து. சயாம் மரண ரயில்பாதைக்குப் போன அப்பாக்களில் பலர் திரும்பவே இல்லை. அந்தத் தலைமுறையில் சிலர் கடைசிவரை மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார்கள். வேறு சிலர் அதைத்தான் ஆசையாகக் கேட்பார்கள். ஒரே பண்டம், இரண்டு நினைவுகள்.

கச்சாங் பூத்தே

போருக்குப் பிந்திய பட்டணத்துக்கு வந்தால் நம் கதையின் நாயகர் வந்துவிடுவார். அவர்தான் கச்சாங் பூத்தே விற்பவர். மலாயில் இதற்கு வெள்ளைக் கடலை என்று பொருள். தட்டைத் தலையில் சுமந்தும், பிறகு சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் அவர்கள் விற்றார்கள். கொண்டைக்கடலை, நிலக்கடலை, பட்டாணி, முறுக்கு, ஓமப்பொடி, சீனி பூசிய கடலை என்று தனித்தனிக் குவியலாக இருக்கும். பழைய நோட்டுப் புத்தகத் தாளையோ தொலைபேசிப் புத்தகத் தாளையோ கூம்பாகச் சுருட்டி, கேட்டதை அள்ளிப் போட்டுத் தருவார்கள். கடலை தீர்ந்ததும் தாளைப் பிரித்து அதில் உள்ளதைப் படித்த பிள்ளைகளும் உண்டு. வாசிப்புக்கு அதுவும் ஒரு வழிதான்!

இந்தத் தொழிலில் பெரும்பாலும் இருந்தவர்கள் தமிழர்கள். ஈப்போவின் புந்தோங் பகுதியில் கம்போங் கச்சாங் பூத்தே என்றே ஒரு குடியிருப்பு பெயர் பெற்றது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே இத்தொழிலை வளர்த்தன. இன்றும் தீபாவளி நெருங்கினால் முறுக்கும் கடலையும் வாங்க எல்லா இனத்தவரும் புந்தோங்குக்கு வருகிறார்கள். சிங்கப்பூரில் சினிமாக் கொட்டகை வாசல்தான் இவர்களின் இடம். கொட்டகைகள் மறைந்தன, கூடவே வண்டிகளும் குறைந்தன. செலகி சாலையில் பீஸ் சென்டர் பக்கம் ஒரு வண்டி நெடுங்காலம் நின்றது. அதைப் பார்க்கவென்றே பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள்.

இதே காலத்தில் ஐஸ் பந்தும் இருந்தது. சீவிய பனிக்கட்டியைக் கையாலேயே உருட்டி, சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றித் தருவார்கள். மலாயில் ஆயிஸ் கெப்பால். உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்கு ஓடுவது ஒரு சுகம். ஆனால் கைச் சுத்தம், தண்ணீர்ச் சுத்தம் பற்றிய கவலையும் சேர்ந்தே வளர்ந்தது. சிங்கப்பூரில் 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் தெருவோர வியாபாரிகள் அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டதற்குச் சுகாதாரம் ஒரு முக்கியக் காரணம். சுத்தம் கிடைத்தது. வாசலுக்கு வந்து கூவிய குரல் போனது. இரண்டையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

பல்லில் எழுதப்பட்ட கணக்கு

தின்பண்டம் மலிவானதும் பல் சொத்தையானது. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நம்மில் பலருக்கு அந்த வெள்ளை உடைத் தாதி பள்ளிக்கு வந்த நாள் நன்றாகவே ஞாபகம் இருக்கும். பேர் கூப்பிட்டால் மேசைக்கு அடியில் ஒளிந்தவர்களும் நம்மில் உண்டு, மறைக்க வேண்டாம்! சிங்கப்பூரில் 1958க்குள் தீவு முழுவதற்கும் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது.

பிறகு கவலை பல்லிலிருந்து உடல் எடைக்கு மாறியது. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் எடை கூடிய பிள்ளைகள் தனியாக உடற்பயிற்சி செய்தார்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்ற குறை வளர்ந்தது. 2007இல் அத்திட்டம் முடிந்து, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் அணுகுமுறை வந்தது. மலேசியாவில் 2019 ஜூலை 1 முதல் சீனி அதிகமுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி விதிக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2022 இறுதியிலிருந்து பொட்டலப் பானங்களுக்குச் சீனி, கொழுப்பு அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை தரக்குறியீடு வந்தது. ஒரு காலத்தில் சீனி எட்டவில்லை என்று அழுதோம். இன்று சீனி விடவில்லை என்று அழுகிறோம்.

நாய்க்கு பிஸ்கட் வந்த கதை

பிராணிகளுக்குச் சிறப்பு உணவு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்கள் ஏராளம். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் பொங்கலும் வாழைப்பழமும் கரும்பும் ஊட்டினோம். காக்கைக்கு ஒரு பிடி வைத்த பிறகுதான் சாப்பிட்டோம். நாய்க்கு மிச்சச் சோறும் மீன் குழம்பும். அன்பு குறையில்லை. ஆனால் மாட்டுக்குச் சோற்றை அளவு மீறிக் கொடுத்தால் இரைப்பையில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும் என்று கால்நடை மருத்துவர்கள் ஒவ்வொரு பொங்கலுக்கும் எச்சரிக்கிறார்கள்.

நாய்க்கென்று கடையில் பிஸ்கட் விற்கும் வழக்கம் 1860களில் லண்டனில் தொடங்கியது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், கப்பல் மாலுமிகளின் கெட்டி பிஸ்கட்டைத் துறைமுக நாய்கள் தின்பதைக் கண்டு இந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். கோதுமை, காய்கறி, பீட்ரூட், மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து நாய் கேக் செய்தார். அந்த நிறுவனத்தில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட்தான் 1891இல் தன் பெயரில் நாய்க் கண்காட்சியைத் தொடங்கியவர். கிரஃப்ட்ஸ் கண்காட்சி இன்றும் நடக்கிறது. அன்று விலையுயர்ந்த நாய் வைத்திருந்த சீமான்களுக்காக வந்த பண்டம், இன்று நம் பேரங்காடியில் ஒரு முழு வரிசையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

என் மாணவனின் நாய்க்குட்டிக்கு வருவோம். சாக்லெட்டில் தியோபுரோமின் என்ற பொருள் இருக்கிறது. மனித உடல் அதை விரைவாக வெளியேற்றிவிடும். நாயின் உடலில் மெதுவாகத்தான் கரையும், அதனால் தேங்கி நஞ்சாகிறது. கறுப்புச் சாக்லெட்டில் அது இன்னும் அதிகம். நாய் சின்னதாக இருந்தால் ஆபத்து பெரிது. திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சீனியில்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை.

பூனைக்கு இன்னொரு கதை. பூனைக்கு இனிப்பே தெரியாது! இனிப்பை உணரும் உறுப்புக்குத் தேவையான ஒரு மரபணு பூனையிடம் வேலை செய்வதில்லை என்று 2005இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பூனை ஐஸ்கிரீமை நக்கினால் அதில் உள்ள கொழுப்புக்காகத்தான். நமக்குப் பிடித்ததை அதற்கும் பிடிக்கும் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் விஷயத்திலும் இப்படி எத்தனை தடவை நினைத்திருக்கிறோம்?

பரிசு என்றால் என்ன?

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. பாவ்லோவின் நாய்களைப் பயிற்சிக் கல்லூரியில் படித்திருப்பீர்கள். உணவும் ஓர் அறிகுறியும் சேர்ந்து வந்தால், பிறகு அறிகுறியைக் கண்டதுமே எச்சில் ஊறும். அங்கிருந்து வகுப்பறை மிட்டாய்வரை ஒரு நேர்க்கோடு போட்டுவிட்டோம்.

ஆனால் 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பாலர் பள்ளிப் பிள்ளைகள். ஒரு குழுவிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதிர்பாராமல் பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது கூலி வேலை ஆகிவிட்டது.

எங்கள் பாட்டியின் முறுக்கு எதற்கும் கூலி அல்ல. நாலு பேருக்கும் உண்டு. நன்றாகப் படித்தவனுக்கும் உண்டு, படிக்காதவனுக்கும் உண்டு. என் இழுப்பறை மிட்டாயோ வருஷம் முழுக்க ஒரு நாலைந்து பேர் கைக்குத்தான் போயிருக்கிறது. கடைசி வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதை உணர எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

வகுப்புக்குக் கொண்டுபோக

1. வாய்மொழி வரலாறு: ஒவ்வொரு மாணவரும் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரட்டும். சின்ன வயசுல என்ன தின்பண்டம் கிடைச்சுது? யார் வாங்கிக் கொடுத்தாங்க? எத்தனை பேர் பகிர்ந்துக்கிட்டீங்க? பதிலைப் பேச்சுத் தமிழிலேயே எழுதி, பிறகு எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

2. பத்தில் ஒரு பங்கு: சேர்க்கப்படும் சீனி ஒரு நாள் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டி. நாய்க்குத் தரும் தின்பண்டமும் அதன் நாள் உணவு ஆற்றலில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதே கால்நடை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்து மாணவர்கள் கணக்குப் போடட்டும்.

3. இரு பட்டியல்: 'எனக்கு ஆகும், என் நாய்க்கு ஆகாது' என்று ஒன்று. 'எனக்கு ஆகும், என் வகுப்புத் தோழருக்கு ஆகாது' என்று மற்றொன்று. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருக்கலாம். முழுக் கடலை ஐந்து வயதுக்குட்பட்ட தம்பி தங்கைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீரிழிவு உள்ள பிள்ளையும் இருக்கலாம். கேட்டுவிட்டுக் கொடுப்பதும் ஒரு பண்புதான் என்று இதன்வழி சொல்லலாம்.

4. காகிதச் சுருள்: பழைய தாளில் மாணவர்கள் கூம்பு செய்யட்டும். உள்ளே கடலைக்குப் பதிலாக, இன்று கற்ற ஐந்து சொற்களை எழுதிப் போட்டு நண்பருடன் மாற்றிக்கொள்ளட்டும்.

அந்த மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறான். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தான், கையில் ஒரு பொட்டலம் முறுக்கோடு. நீட்டும் முன் கேட்டான்: "டீச்சர், உங்க வீட்ல யாருக்காவது இது ஆகாதா?" வாசலில் படுத்திருந்த எங்கள் பூனையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். நான் சொல்லிக்கொடுக்காத பாடத்தை அவன் எனக்கு நடத்திவிட்டுப் போனான்.

இழுப்பறையில் மிட்டாய் இருக்கட்டும், தவறில்லை. எடுக்கும்போது எல்லாருக்கும் எடுங்கள். கேட்டுவிட்டுக் கொடுங்கள்.